ஓட்டல் மேஜையும் உட்காரும் உரிமையும்

பகல் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் எங்கள் தெருமுனையில் உள்ள ஓட்டலுக்குள் நுழைகிறவர்கள், பத்து ஆண்டுகளுக்கு முன்பு அங்கே எவரும் கண்டிராத ஒரு காட்சியைக் காணலாம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, எச்சில் இலைகள் அகற்றப்பட்டு, மேஜைகள் ஈரத் துணியால் துடைக்கப்பட்டு, பின்கட்டில் கிரைண்டர் சுற்றும் ஓசை மாத்திரம் சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த அமைதியான வேளையில், பிளக் பாயிண்ட் உள்ள சுவரோரத்து மேஜைகளில் நான்கைந்து இளைஞர்களும் யுவதிகளும் மடிக்கணினியைத் திறந்துவைத்து, காதில் ஹெட்போனைப் பொருத்திக்கொண்டு, தத்தம் உத்தியோகத்தில் ஆழ்ந்திருக்கிறார்கள். ஒருவர் எங்கோ கடல் கடந்த ஊரில் இருக்கும் வங்கியின் கணக்கைச் சரிபார்க்கிறார். இன்னொருவர் முகம் பார்த்திராத ஒருவருக்கு மென்பொருளின் பழுதைப் பொறுமையாக விளக்குகிறார். பக்கத்தில் டபராவில் பாதி ஆற்றிய காப்பி ஆறி அவலாகிக் கிடக்கிறது. அவர்களுக்கு எதிரே, நடுத்தூணில் ஒரு தோளைச் சாய்த்தவாறு, ஐம்பது வயது மதிக்கத்தக்க சிப்பந்தி ஒருவர், யாருடைய கை உயர்கிறது என்று பார்த்தபடி நின்றுகொண்டிருக்கிறார்.

இந்தக் காட்சியைப் பற்றி நம்மிடையே இரு வேறு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. ஒரு காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் இடத்தை அடைத்துக்கொள்வது அநியாயம் என்கிறார்கள் சிலர். காலியாகக் கிடக்கிற மேஜையில் ஒருவர் கௌரவமாக உழைத்துப் பிழைப்பதால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு கட்சியிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு கட்சியினருமே அந்தத் தூணருகே நிற்பவரைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. உணவகம் காரியாலயமாகவும் மாறுகிற இந்தக் காலத்தில் நாம் தீர்மானிக்க வேண்டிய முதல் விஷயம் வைஃபையின் வேகமோ காப்பியின் விலையோ அன்று. ஒரு பொது இடத்தில் யார், எவ்வளவு நேரம், எந்தப் பாத்தியதையின் பேரில் உட்காரலாம் என்பதே ஆகும் என்று நான் கருதுகிறேன்.

காப்பிக் கடையில் உட்கார்ந்து தொழில் செய்வது நேற்றுத் தோன்றிய நூதனமல்ல. லண்டன் மாநகரில் எட்வர்டு லாயிட் என்பவர் டவர் தெருவில் நடத்திய காப்பிக் கடையைப் பற்றிய செய்தி 1688ஆம் ஆண்டிலேயே காணப்படுகிறது. துறைமுகத்துக்கு அருகில் இருந்தபடியால் மாலுமிகளும் கப்பல் முதலாளிகளும் வர்த்தகர்களும் அங்கே கூடினார்கள்; 1691இல் கடை லம்பார்டு தெருவுக்கு இடம் மாறியபோது அவர்களும் உடன் சென்றார்கள். கடலுக்குப் போகும் கப்பலின் ஆபத்தில் பங்கேற்பவர்கள் அந்தக் கடையின் மேஜைகளிலேயே உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். காலக்கிரமத்தில் அந்த மேஜைகளிலிருந்தே லாயிட்ஸ் என்னும் மாபெரும் காப்புறுதிச் சந்தை எழுந்தது. அருகில் இருந்த ஜொனாதன் காப்பிக் கடையில் ஜான் காஸ்டெயிங் என்பவர் பங்குகளின் விலைப் பட்டியலை 1698 முதல் வெளியிட்டு வந்தார். லண்டன் பங்குச் சந்தையின் ஆதிமூலம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஜனங்கள் ஓரிடத்தில் நெடுநேரம் உட்கார்ந்து பேசுவதைக் கண்டு அஞ்சிய இரண்டாம் சார்லஸ் மன்னர், 1675ஆம் ஆண்டின் இறுதியில் காப்பிக் கடைகளையெல்லாம் மூடும்படி பிரகடனம் செய்தார். எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களிலேயே அதை வாபஸ் பெற்றுக்கொள்ள நேர்ந்தது.

லாயிட் செய்த காரியத்தில் நாம் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. தம் கடையில் உட்கார்ந்தவர்களை அவர் வெறுமனே சகித்துக்கொள்ளவில்லை. எந்தக் கப்பல் எந்தத் துறையை அடைந்தது, எது புயலில் சிக்கியது என்னும் செய்திகளைத் திரட்டி வந்து அவர்களுக்கு அளித்தார். தொழிலுக்கு வேண்டிய சௌகரியத்தைச் செய்து தருவதும் உபசரணையின் ஓர் அங்கம் என்று அவர் உணர்ந்திருந்தார். மற்றொரு விசேஷமும் உண்டு: கோடி கோடியாகப் பணம் புரளும் அந்த ஸ்தாபனத்தில், சீருடை அணிந்து உதவி புரியும் ஊழியர்களை இன்றைக்கும் பரிசாரகர்கள் என்று பொருள்படும் பழைய காப்பிக் கடைப் பெயராலேயே அழைக்கிறார்கள். காரியாலயம் வளர்ந்து மாளிகையான பின்னும், அதைத் தொடங்கி வைத்தது காப்பி கொண்டு வந்து வைத்த ஒரு கரம் என்பதை அந்தப் பெயர் மறக்க விடாமல் காத்து வருகிறது.

வியன்னா நகரத்தார் இந்தப் பழக்கத்தை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். ஒரு காப்பி வாங்கியவர் பத்திரிகைகளைப் படித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ மணிக்கணக்கில் அமர்ந்திருக்கலாம். காப்பியுடன் சிறு தட்டில் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரும் வரும். பீட்டர் ஆல்டன்பர்க் என்னும் எழுத்தாளர் கஃபே சென்ட்ரல் என்ற காப்பி விடுதியையே தம் விலாசமாகக் கொண்டு, கடிதங்களை அங்கேயே வரவழைத்துக்கொண்டார். அந்நகரத்தின் காப்பி விடுதிப் பண்பாட்டை ஆஸ்திரியா 2011ஆம் ஆண்டில் தன் பாரம்பரியச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னையிலேயே கதீட்ரல் சாலையில் 1962இல் தொடங்கப்பட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே ஏராளமாக இருக்கிறார்கள். மர நிழலில் காரை நிறுத்திவிட்டுக் காரிலேயே சிற்றுண்டி அருந்துவதற்காக ஏற்பட்ட அந்த இடம், கார் இல்லாதவர்களுக்கும் ஒரு காரியாலயமாக விளங்கியது. மருந்துக் கம்பெனிகளின் பிரதிநிதிகள் தோல் பையுடன் காலையில் அங்கே கூடி, அன்றைக்கு எந்தெந்த டாக்டரைப் பார்ப்பது என்று திட்டமிட்டுக்கொண்டு புறப்படுவார்கள். வெயில் ஏறியதும் மீண்டும் அங்கேயே வந்து அறிக்கை எழுதுவார்கள். சினிமாவுக்குக் கதை சொல்ல வந்தவர்களும், பரீட்சைக்குப் படித்த மாணவர்களும், பத்திரிகைக்காரர்களும் அந்த நிழலில் தங்கள் ஜீவனத்தைத் தேடினார்கள். 2008ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது; அந்த நிலத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது. பூங்கா அழகியதுதான். ஆயினும், தமக்கென்று ஒரு மேஜை இல்லாத நூற்றுக்கணக்கானோரின் மேஜை அன்று பறிபோயிற்று என்பதை அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன்.

நெடுநேரம் உட்காருவதற்குப் பேர்போன வேறோர் இடம் கல்கத்தாவின் கல்லூரித் தெருவில் இருக்கிறது. ஆல்பர்ட் ஹால் என்னும் பழைய மண்டபத்தில் 1942 முதல் நடந்து வரும் காப்பி விடுதி அது. காப்பி போர்டு நடத்தி வந்த இத்தகைய விடுதிகளை ஐம்பதுகளில் மூடிவிடத் தீர்மானித்தபோது, வேலையிழந்த சிப்பந்திகள் ஏ. கே. கோபாலன் போன்ற தலைவர்களின் ஊக்கத்தால் ஒன்றுகூடி, 1957 முதல் ஊருக்கு ஊர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, இந்தியன் காப்பி ஹவுஸ் என்ற பெயரில் தாங்களே விடுதிகளை நடத்தத் தொடங்கினார்கள். ஒரே காப்பியுடன் ஒரு சாயங்காலம் முழுவதும் விவாதம் செய்ய ஒரு தலைமுறைக்கு இடம் கொடுத்த விடுதிகள், பரிமாறுகிறவர்களே உடைமையாளர்களாக இருந்த விடுதிகள் என்பது யதேச்சையாக நேர்ந்த பொருத்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. தாம் நிற்பதற்கும் நடப்பதற்கும் தாமே எஜமானர்களாக இருப்பவர்களுக்கு, பிறர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதில் மனக்கசப்பு உண்டாவதில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். பணியாளர் காரியாலயத்தைத் தேடிப் போகாமல், பணியே தந்திக் கம்பி வழியாகப் பணியாளரைத் தேடி வரலாம் என்று 1973இல் ஜாக் நில்ஸ் என்னும் அமெரிக்கர் எடுத்துரைத்தபோது, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் தனியே அமர்ந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. குடியிருப்புகளுக்கு அருகில் சிறு சிறு பணியிடங்கள் அமைத்தால் நகரத்தின் மையத்துக்குப் பிரயாணம் செய்யும் சிரமமும் எரிபொருளும் மிச்சமாகும் என்பதே அவருடைய யோசனையின் சாரம். ஆனால் 2020ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் தேசம் முழுவதும் ஊரடங்கில் ஆழ்ந்தபோது, அவ்வித ஆயத்தம் ஒன்றுமில்லாமல் லட்சக்கணக்கான உத்தியோகங்கள் ஒரே வாரத்தில் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன. அதே ஆண்டு நவம்பரில், வீட்டிலிருந்தோ வேறு எங்கிருந்தோ பணி செய்வதற்குத் தடையாக இருந்த தொலைத்தொடர்பு விதிகளை மத்திய அரசு தளர்த்தியது. தொற்று அடங்கிய பிறகும் அந்த ஏற்பாடு பல நிறுவனங்களில் முழுதாகவோ பாதியாகவோ நிலைத்துவிட்டது.

வீடு என்பது என்ன என்று நிறுவனங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. நம்முடைய நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் எழுதுவதற்கென்று தனி மேஜை கிடையாது; சாப்பாட்டு மேஜை இருந்தால் அதன் மேல் இஸ்திரி போட வேண்டிய துணியும் குழந்தைகளின் புத்தகமும் இருக்கும். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே காலை நீட்ட இடம் போதாது. பெண்களின் நிலையோ இன்னும் கடினமானது. வீட்டில் இருக்கிற பெண் எந்த வேலையில் ஈடுபட்டிருந்தாலும், அவள் வீட்டில் ‘சும்மா’ இருப்பதாகவே சுற்றத்தார் கொள்கிறார்கள். தபால்காரர் மணி அடித்தாலும், பால் பொங்கினாலும், மாமியார் அழைத்தாலும் எழுந்து போக வேண்டியவள் அவள்தான். இரண்டு தெரு தள்ளி உள்ள ஓட்டலில் காப்பிக்கான விலையைக் கொடுத்து அவள் வாங்குவது காப்பியை அல்ல. தன் உழைப்பை உழைப்பென்று தானும் பிறரும் மதிக்கக்கூடிய இரண்டு மணி நேரத்தை. நம் ஊர்த் தேநீர்க் கடைகள் நெடுங்காலம் ஆண்களுக்கே உரிய சபைகளாக இருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு பெண் தனியாக ஒரு மேஜையில் அமர்ந்து, யாருக்கும் சமாதானம் சொல்லாமல் தன் வேலையைப் பார்ப்பதன் மகத்துவம் விளங்கும். ஓட்டலின் மிதமான சந்தடி சிந்தனைக்கு விரோதமானதும் அன்று. சுமார் 70 டெசிபல் அளவுள்ள ஒலி கற்பனையைத் தூண்டுவதாக 2012இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது.

ஓட்டல் முதலாளியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர் கொடுக்கும் வாடகை இருபத்துநான்கு மணி நேரத்துக்கானது. கல்லாவில் காசு விழுவதோ காலை, மதியம், இரவு என்று மூன்று வேளைகளில் ஏழெட்டு மணி நேரம்தான். இடைப்பட்ட வேளைகளில் வெற்று நாற்காலிகளுக்கும் மின்விசிறி சுழலத்தான் வேண்டும். இந்த முரண்பாட்டையே மூலதனமாகக் கொண்டு, நியூயார்க் நகரில் இரவு உணவுக்கு மாத்திரம் திறக்கும் உணவகங்களைப் பகலில் பணியிடங்களாக வாடகைக்கு விடும் ஸ்பேஷியஸ் என்ற நிறுவனம் 2016இல் தொழில் தொடங்கியது. பெங்களூரின் சர்ச் தெருவில் 2014இல் திறக்கப்பட்ட சோஷியல் என்ற விடுதி, பகலில் பணியிடமாகவும் இரவில் கேளிக்கை விடுதியாகவும் இயங்கும்படியே வடிவமைக்கப்பட்டது. பிறகு வேறு நகரங்களுக்கும் பரவியது. ஸ்பேஷியஸின் கதை வேறு விதமாக முடிந்தது. 2019ஆம் ஆண்டில் வீவொர்க் என்னும் பெரிய கம்பெனி அதை விலைக்கு வாங்கி, அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே மூடிவிட்டது. யோசனை பிழையென்று அதனால் சொல்லிவிட முடியாது. ஆனால் பெரு முதலின் விளையாட்டில் சிறிய மேஜைகள் எவ்வளவு சுலபமாக மறைந்துபோகும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

எல்லையற்ற தாராளமும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தென் கொரியாவைப் பார்க்கலாம். காப்பிக் கடைகளிலேயே படித்தும் பணி செய்தும் நாளைக் கழிப்பவர்களைக் குறிக்க அங்கே ‘காகோங்ஜோக்’ என்று ஒரு தனிச் சொல்லே வழங்குகிறது. மடிக்கணினியோடு நில்லாமல், மேஜைக் கணினியையும் அச்சு இயந்திரத்தையும் தடுப்புப் பலகைகளையும் கொண்டு வந்து சிலர் கடையிலேயே தனி அறை போல் அமைத்துக்கொண்டபடியால், அந்நாட்டு ஸ்டார்பக்ஸ் 2025 ஆகஸ்டில் அவற்றுக்கெல்லாம் தடை விதிக்க வேண்டியதாயிற்று. விருந்தினர் தம் எல்லையை அறியாதபோது, வீட்டுக்காரர் கதவைச் சாத்தவே கற்றுக்கொள்வார்.

உட்காருவது என்பது நம் நாட்டில் ஒரு சிறிய விஷயம் அல்ல என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்கு ஓரிடமும் மற்றவர்களுக்கு வேறோரிடமும் என்றிருந்த பேதம் பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் கிளர்ச்சி செய்த பிறகு 1941இல்தான் ஒழிந்தது. ஓட்டல் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதியிருந்ததை எதிர்த்துத் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பாக அவர் மறியல் தொடங்கியது சுதந்திரம் வந்து பத்து ஆண்டுகளுக்குப் பின், 1957இல். கிராமத்துத் தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனிக் குவளை வைத்து, பெஞ்சில் உட்கார விடாமல் நிறுத்திவைத்த கொடுமை அதற்குப் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. இன்று சாதி என்ன, ஊர் எது என்று ஒருவரும் வினவாமல், காசு கொடுத்த எவரும் எந்த நாற்காலியிலும் அமரலாம் என்றிருக்கும் ஓட்டல் மேஜை, எத்தனையோ பேர் அடிபட்டும் சிறை சென்றும் நமக்கு ஈட்டித் தந்த ஆஸ்தி. அதன்மீது மடிக்கணினியை விரிக்கும்போது அந்த மேஜையின் சரித்திரத்துக்கும் நாம் வாரிசாகிறோம்.

அந்தச் சரித்திரம் இன்னும் பூர்த்தியாகவில்லை என்பதற்குத் தூணருகே நிற்கும் மனிதரே அத்தாட்சி. முன்பெல்லாம் மூன்று மணிக்கு மேல் ஓட்டலில் ஆள் இராது. சிப்பந்திகள் பின்கட்டில் சாக்கை விரித்து அரை மணி நேரம் கண்ணயர்வார்கள். இப்போது அந்த வேளையிலும் மேஜைகளில் மனிதர்கள் இருப்பதால், அவர்கள் கேட்கக்கூடிய இன்னொரு காப்பிக்காக, இன்னொரு டம்ளர் தண்ணீருக்காக யாராவது ஒருவர் நின்றே ஆகவேண்டியிருக்கிறது. நாம் உட்காருவதற்கு எடுத்துக்கொண்ட நேரம், இன்னொருவர் உட்கார்ந்திருந்த நேரம். கடைகளிலும் நிறுவனங்களிலும் நாள் முழுதும் நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று 2018இல் கேரளமும், 2021இல் தமிழ்நாடும் சட்டத் திருத்தம் செய்தன. கோழிக்கோட்டுத் துணிக்கடைகளில் வேலை பார்த்த பெண்கள் நடத்திய போராட்டம் அதற்கு வித்திட்டது. சட்டத்தின் வாசகம் எவ்வகை ஸ்தாபனம் வரை எட்டும் என்று வக்கீல்கள் வாதிக்கட்டும். அதன் தர்மம் ஓட்டலின் நடுத்தூண் வரை எட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகவே, இந்தப் புதிய பழக்கத்தைக் கண்டித்து ஒழிப்பதும் வேண்டாம்; கண்ணை மூடிக்கொண்டு வரவேற்பதும் வேண்டாம். பரஸ்பரக் கடமைகளைச் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொண்டால் போதும். மேஜையில் அமர்பவர்கள் பந்தி நேரத்தில் எழுந்து இடம் விட வேண்டும். நால்வர் அமரும் மேஜையைத் தனியாகப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். மணிக்கொரு முறையேனும் ஏதாவது வாங்க வேண்டும். வாடிக்கையாளர்களின் கணக்கு விவரங்களை ஊர் கேட்க உரக்கப் பேசலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு மணி நேரம் தமக்குத் துணை நின்ற சிப்பந்தியின் பெயரையாவது அவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஓட்டல் முதலாளிகள் தங்கள் விருப்பத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டு புழுங்குவதைவிட, பலகையில் எழுதிவைப்பது மேல். காப்பிக்கு விலை வைப்பது போல நேரத்துக்கும் ஒரு நியாயமான விலை வைத்து, அதைச் சிற்றுண்டியில் கழித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தால், உட்காருகிறவருக்குக் கூச்சம் இராது; முதலாளிக்கு நஷ்டமும் இராது. அந்த வருமானத்தில் ஒரு பகுதி, அந்த வேளையில் பணி புரிகிற சிப்பந்திகளுக்குப் பங்காகப் போய்ச் சேர வேண்டும். ஏனெனில் விற்கப்படுவது அவர்களுடைய ஓய்வு நேரம்.

மிகப் பெரிய கடமை, இந்தக் காட்சியில் எங்குமே தென்படாத ஒருவருக்கு உண்டு. ஆயிரம் பேர் அமரும் கட்டிடத்தைக் காலி செய்து, வாடகையையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்திய நிறுவனம், அந்தச் செலவை ஒழித்துவிடவில்லை. பணியாளரின் சட்டைப்பைக்கும், தெருமுனை ஓட்டல்காரரின் கல்லாவுக்கும், சிப்பந்தியின் கால்களுக்கும் மாற்றிவிட்டது. வீட்டுக்கு வெளியே மேஜை தேடும் பணியாளருக்கு மாதந்தோறும் ஒரு படி கொடுப்பது அந்நிறுவனம் செய்யும் தயவல்ல. பட்ட கடனைத் தீர்ப்பது. அரசாங்கமும் தன் பங்குக்கு, 2024இல் சென்னைக் கொளத்தூரில் தொடங்கிய முதல்வர் படைப்பகம் போன்ற பகிர்ந்த பணியிடங்களை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கொண்டு போக வேண்டும். கிளை நூலகங்கள் பலவற்றில் ஓர் அறையும் நல்ல விளக்கும் இணைய இணைப்பும் சேர்த்தாலே பாதி காரியம் முடிந்துவிடும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நில்ஸ் எண்ணியதும் அதுவே.

சென்ற வாரம் அந்தத் தெருமுனை ஓட்டலில் இந்தக் கட்டுரைக்கான குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தபோது, எதிர் நாற்காலியைக் காட்டி, “சற்று உட்காருங்களேன், அண்ணாச்சி” என்று சிப்பந்தியிடம் சொன்னேன். அவர் கல்லாப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, “பழகிப்போச்சுங்க, ஐயா” என்று புன்னகை செய்தார், உட்காரவில்லை. எழுந்துபோய் முதலாளியிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் கெட்டவர் அல்லர். இதுவரை எவரும் கேட்டதில்லை என்றார். மறுநாள் மாலை நான் போனபோது, நடுத்தூணின் அடியில் ஒரு மர முக்காலி கிடந்தது. ஒரு முக்காலியின் விலை அதிகம் இல்லை. நம் நகரத்தில் மடிக்கணினிக்கு இடம் தருகிற ஒவ்வோர் ஓட்டலிலும் அது ஒன்று இருக்கும்படி கேட்பது, அங்கே சௌகரியமாக உட்கார்ந்திருக்கும் நம்முடைய முதல் வேலை.